கார் ஷெட் தரை விரிசல்: எபாக்சி அடிக்கும் முன் நான் செய்தது

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல். கார் ஷெட்டில் மட்டும் வெறும் கான்கிரீட். போன வருடம் அதற்கு எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு) அடித்தோம். விரிசல்களில் சிமெண்ட் பால் ஊற்றி, அதன்மேல் அப்படியே பூசிவிட்டார்கள். மூன்றே மாதத்தில் அதே கோடுகள் மேலே வந்து, ஓரம் உரிய ஆரம்பித்தது. மனசு கேட்கவில்லை.

இந்த முறை நானே இறங்கினேன். கிரைண்டரில் டைமண்ட் பிளேடு மாட்டி, விரிசலை 'வி' போலக் கீறி அகலப்படுத்தினேன். முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீர் விட்டுக் கழுவாமல் வாக்குவம் வைத்தே தூசியை உறிஞ்சினேன். ஈரமும் தூசியும் இருந்தால் எபாக்சி பிடிக்காது. அப்புறம் எபாக்சியில் காய்ந்த நைஸ் மணலைக் கலந்து கரண்டியால் அழுத்தி நிரப்பினேன். வெயில் காலத்தில் கலவை சீக்கிரம் இறுகிவிடும். அதனால் காலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். மறுநாள் தரை மட்டத்துக்குத் தேய்த்தேன்.

தரை போட்டபோதே வெட்டி விட்ட நேர்க்கோட்டு இடைவெளிகள் வேறு விஷயம். "அதையும் மூடிருவோமாண்ணே?" என்று கூட வந்த தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். சூட்டில் தரை விரியும், குளிரில் சுருங்கும். இறுகிய எபாக்சி அங்கே நின்றால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். தரைக்கு எபாக்சி பூசி, அது காய்ந்த பிறகு, அந்த இடைவெளியில் நுரைக் கயிற்றை அழுத்தி, மேலே ரப்பர் போல வளையும் பாலியூரிதேன் சீலண்ட் போட்டேன்.