இலக்கியம் படித்த பிள்ளைகள் ஐஇஎல்டிஎஸ் எழுதும்போது

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்குக் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்று கோபிச்செட்டிபாளையத்தில் என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. மூன்று வருடம் ஷேக்ஸ்பியரும் மில்டனும் படித்தவளுக்கு ஒரு மொழித்தேர்வு பெரிய காரியமா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வகுப்பில் முதலாவதாக வருகிறவள் 9-க்கு 6-ல் நின்றுவிடுவதையும், பொறியியல் படித்த அவளுடைய அண்ணன் 7.5 வாங்கி வருவதையும் ஓர் ஆங்கில ஆசிரியையாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவளுக்கு ஆங்கிலம் போதவில்லை என்று சொல்ல மாட்டேன். கவிஞன் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடி என்று இலக்கிய வகுப்பில் நாங்கள்தான் பழக்குகிறோம். அந்தப் பழக்கமே இந்தத் தேர்வில் காலை வாரிவிடுகிறது. இங்கே என்ன சொல்லியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் மதிப்பெண்.

முதலில் தேர்வின் அமைப்பு. மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுத வேண்டியது அகாடமிக் பிரிவு. கேட்டல் சுமார் 30 நிமிடம், 40 கேள்விகள். வாசிப்பு 60 நிமிடம், மூன்று பகுதிகள், 40 கேள்விகள். எழுத்து 60 நிமிடம், இரண்டு பணிகள். பேச்சு 11 முதல் 14 நிமிடம், தேர்வாளரோடு நேருக்கு நேர். ஒவ்வொன்றுக்கும் 9 வரை மதிப்பெண் உண்டு, நான்கின் சராசரியை அரைப் புள்ளிக்குத் திருத்திக் கொடுப்பார்கள். சராசரி 6.25 வந்தால் அது 6.5 ஆகும், 6.75 வந்தால் 7 ஆகும். வாசிப்பிலும் கேட்டலிலும் 40-க்கு 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7 கிடைக்கும். இலக்கியத்தில் எம்.ஏ. சேர்க்கும் பல்கலைக்கழகங்களில் பல 7 வரை கேட்கின்றன, சில அதற்கு மேலும் கேட்கின்றன. மொத்தம் மட்டும் போதாது, ஒவ்வொரு பிரிவிலும் இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். பயிற்சியைத் தொடங்கும் முன் அந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வாசிப்பில் நம் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடம் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்விகள். இதைப் புரியவைக்க வகுப்பில் காலிங்கராயன் வாய்க்காலைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பத்தி எழுதித் தருவேன்: வாய்க்கால் பவானி ஆற்றில் தொடங்குகிறது, ஈரோடு வழியாகச் சென்று நொய்யலில் சேர்கிறது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது, இன்றும் பாசனத்துக்குப் பயன்படுகிறது. அதன் கீழே மூன்று வாக்கியங்கள். வாய்க்கால் இரண்டு ஆறுகளைத் தொடுகிறது என்பது ட்ரூ. வாய்க்கால் இப்போது பயன்பாட்டில் இல்லை என்பது ஃபால்ஸ். இவை இரண்டிலும் யாரும் தடுமாறுவதில்லை. மூன்றாவது வாக்கியம், 'இந்த வாய்க்கால் மஞ்சள் விவசாயத்துக்கு உதவுகிறது'. வகுப்பில் பாதிப் பேர் ட்ரூ என்று போடுவார்கள். வாய்க்கால் கரையில் மஞ்சள் வயலைப் பார்த்து வளர்ந்தவர்கள், வேறு என்ன போடுவார்கள்? பத்தியில் மஞ்சள் என்ற பேச்சே இல்லை. விடை நாட் கிவன்.

உண்மையா என்று கேட்காதே கண்ணு, எந்த வரியில் இருக்கிறது என்று காட்டு என்பேன். விரல் வைத்துக் காட்ட முடியாத விடையை எழுதக்கூடாது. பயிற்சி செய்யும் நாட்களில் ஒவ்வொரு விடைக்கும் எதிரே பத்தியின் வரி எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்தியில் உள்ளதற்கு நேர் எதிராக வாக்கியம் இருந்தால் மட்டும் ஃபால்ஸ், பத்தி அதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் நாட் கிவன். இந்தக் கேள்விகளின் விடைகள் பத்தியின் ஓட்டத்திலேயே வரிசையாக வரும் என்பதால், முதல் விடையையும் மூன்றாவது விடையையும் கண்டுபிடித்துவிட்டால் இரண்டாவது அவற்றுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். மூன்றாம் பகுதி பெரும்பாலும் கடினமாக இருக்கும், அதற்கு 20 நிமிடம் மிச்சம் வைக்காமல் முதல் பகுதியின் அழகில் மயங்கி நிற்கக் கூடாது. வாசிப்புத் தாளில் விடையைப் படியெடுக்கத் தனி நேரம் கிடையாது.

கேட்டல் வேறு கதை. நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். புத்தகத்தில் பார்த்தால் தெரியும் சொல், ஒரு ஆஸ்திரேலியர் வேகமாகச் சொல்லும்போது காதில் ஏறுவதில்லை. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். முதல் பகுதி சாதாரண உரையாடல், அறை முன்பதிவு அல்லது வகுப்பில் சேர விசாரணை மாதிரி. கடைசிப் பகுதி கல்லூரி விரிவுரை. முதல் பகுதியில் பேசுகிறவர் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு, இல்லை, அன்று முடியாது, வியாழன் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றுவார். செவ்வாய் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியவர் கதை அதோடு முடிந்தது. தொலைபேசி எண்ணில் சைபரை 'ஓ' என்பார்கள், 55-ஐ 'டபுள் ஃபைவ்' என்பார்கள். தர்ட்டீனும் தர்ட்டியும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும், அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுது என்று சொல்லியிருந்து மூன்று எழுதினால் விடை தவறு. எழுத்துப்பிழை இருந்தாலும் தவறு. பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துமுறை இரண்டையும் ஏற்பார்கள்.

இதற்கு நான் சொல்லும் வழி பழைய டிக்டேஷன்தான். பி.பி.சி.யின் ஆங்கிலம் கற்பிக்கும் பகுதியில் ஆறு நிமிட ஒலிப்பதிவுகள், எழுத்து வடிவத்தோடு, காசில்லாமல் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து முதலில் நிறுத்தாமல் கேளுங்கள். பிறகு இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கையால் எழுதுங்கள். எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஒரு வாரத்தில் அந்த வட்டங்களே உங்கள் காதின் குறையைச் சொல்லிவிடும். பெரும்பாலோருக்கு அது பன்மையின் 'ஸ்' ஆகவோ, இறந்தகாலத்தின் 'ட்' ஆகவோ இருக்கும். பள்ளிபாளையத்திலிருந்து வந்த ஒரு மாணவிக்கு வீட்டில் விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அவள் கல்லூரி நூலகம் மூடும்வரை இருந்து டிக்டேஷன் எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இடத்துக்கு வழியில்லாதவர்கள் முதலில் இடத்தைப் பிடியுங்கள், செயலி எது என்பது பிறகு.

எழுத்துக்கு வருகிறேன், என் கவலை முழுவதும் இதில்தான். முதல் பணி ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிப்பது. இரண்டாம் பணி குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. இரண்டாவதற்கு முதலாவதைவிட இரு மடங்கு மதிப்பு, ஆகவே முதலாவதை 20 நிமிடத்தில் முடித்து மீதி 40 நிமிடத்தை இரண்டாவதற்குக் கொடுங்கள்.

முதல் பணிக்குப் பயிற்சிப் புத்தகம் தேட வேண்டாம். ஈரோட்டுப் பக்கம் நாளிதழைப் பிரித்தால் விரலி மஞ்சள் இவ்வளவு, கிழங்கு மஞ்சள் இவ்வளவு என்று குவிண்டால் விலை வரும். ஒரு மாத விலையைக் குறித்து இரண்டு கோடுகளாக வரைந்து பாருங்கள். தேர்வில் பெரும்பாலும் வருவது இதேபோன்ற வரைபடம்தான். எல்லா எண்ணையும் எழுத வேண்டியதில்லை. மொத்தப் போக்கு என்ன, எந்தக் கோடு எப்போது உச்சம் தொட்டது, இரண்டுக்கும் இடைவெளி எப்போது கூடியது அல்லது குறைந்தது, இவ்வளவும் இருந்தால் போதும். மொத்தப் போக்கைச் சொல்லும் ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் மதிப்பெண் கட்டாயம் குறையும். மஞ்சள் விவசாயி ஒருவரின் மகள் எனக்கு எழுதிக் கொடுத்த விடையில், மழை பொய்த்ததால் விலை ஏறியது என்று இருந்தது. அது முழு உண்மை. அவள் அப்பாவின் வயலில் நடந்தது. ஆனாலும் அந்த வரியை அடித்தேன், ஏனென்றால் வரைபடத்தில் மழை இல்லை. மஞ்சள் வயலும் நாட் கிவனும் இங்கேயும் வந்துவிட்டன பாருங்கள்.

கட்டுரையில் வேறு தொல்லை. இளைஞர்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போவது நல்லதா என்ற தலைப்பைக் கொடுத்தால், ஆதிகாலம் தொட்டே மனிதன் இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறான் என்று தொடங்குவார்கள். அடுத்த வரியில் வேர்ட்ஸ்வொர்த் வந்துவிடுவார். பத்தி முழுதும் நயமாக இருக்கும், எழுதியவரின் கருத்து மட்டும் இருக்காது. தேர்வாளர் நான்கு விஷயங்களுக்குச் சம மதிப்பெண் போடுகிறார்: கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாயா, கருத்துகள் கோவையாக வருகின்றனவா, சொல்வளம், இலக்கணம். மேற்கோளுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஆகவே முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு பத்திக்கு ஒரு காரணம், அந்தக் காரணத்துக்குக் கண்ணால் கண்ட ஓர் உதாரணம். திருப்பூர் பின்னலாடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன இளைஞர் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார், அதே சமயம் ஊரில் மஞ்சள் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. இந்த இரண்டு உண்மைகளும் வேர்ட்ஸ்வொர்த்தைவிட அந்தத் தாளில் அதிகம் சாதிக்கும். மனப்பாடம் செய்த கட்டுரையைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள், மதிப்பெண்ணும் போய்விடும்.

இலக்கணத்தில் 'எ', 'ஆன்', 'தி' மூன்றும்தான் நம்மவர்களை அதிகம் விழவைப்பவை. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் விட்டுப்போகிறது. கட்டுரையை முடித்த பிறகு கடைசி மூன்று நிமிடத்தில் வேறு எதையும் பார்க்காமல் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் முன்னும் இவை சரியா என்று மட்டும் பாருங்கள். கணினியில் தேர்வு எழுதுகிறவர்களுக்குச் சொற்களின் எண்ணிக்கை திரையில் தெரியும், ஆனால் பிழை திருத்தி உதவாது. பிழை திருத்தியை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்து பழகுங்கள்.

பேச்சுத் தேர்வில் நம் ஊர்ப் பண்பே குறுக்கே நிற்கிறது. பெரியவர் ஏதாவது கேட்டால் 'ஆமாங்க', 'இல்லைங்க' என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்துவது இங்கே மரியாதை. அதிகம் பேசினால் வாயாடி என்று பெயர். தேர்வாளர் முன்னால் இந்தப் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் ஊர் பிடிக்குமா என்றால் பிடிக்கும் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். ஏன் பிடிக்கும் என்று நீங்களாகவே இரண்டு வாக்கியம் சேர்க்க வேண்டும். இங்கே நீளமாகப் பேசுவது மரியாதைக்குறைவு அல்ல என்று பயிற்சியின் முதல் நாளிலேயே மனதில் பதிய வையுங்கள்.

இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். நீர்நிலை ஒன்றைப் பற்றிப் பேசு என்றால், எங்கோ படித்த கடற்கரை வருணனையை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். பத்து மைல் தூரத்தில் கொடிவேரி அணை இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள், நான்கு சொற்கள் எழுதுங்கள்: அருவி, பரிசல், மீன் வறுவல், பாட்டி. ஒவ்வொரு சொல்லும் அரை நிமிடம் தாங்கும். பாட்டி குளிக்கப் பயந்து கரையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது குரலே மாறிவிடும், தடங்கலும் குறையும். உச்சரிப்பில் வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, புரிய வேண்டும் என்பதுதான் அளவுகோல். 'ஸ்' என்று தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஓர் 'இ' சேர்ப்பதையும், சொல்லின் கடைசியில் ஓர் 'உ' சேர்ப்பதையும் விட்டால் பாதி வேலை முடிந்தது. போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். இருவர் சேர்ந்து பயிற்சி செய்தால் இன்னும் நல்லது, பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

இனி நடைமுறை. மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே முதலாம் ஆண்டிலேயே எழுத வேண்டாம், இறுதி ஆண்டில் எழுதுங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. நம் பெயர்களில் இன்ஷியல் ஒரு சான்றிதழில் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து என்று மூன்று விதமாக இருக்கும். தேர்வு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்துக்கூட மாறாமல் எழுதுங்கள். கோயம்புத்தூரிலேயே தேர்வு மையம் உண்டு, சென்னை போக வேண்டியதில்லை. கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டும். நெசவு வீட்டுக்கும் விவசாய வீட்டுக்கும் அது சின்னத் தொகை அல்ல. அதனால் நேரம் வைத்து எழுதிய மாதிரித் தேர்வுகளில் உங்களுக்கு வேண்டிய எண் திரும்பத் திரும்ப வந்த பிறகே தேதி பதிவு செய்யுங்கள்.

கணினியில் எழுதி ஒரு பிரிவில் மட்டும் குறைந்துவிட்டால், அந்த ஒன்றை மட்டும் 60 நாட்களுக்குள் மறுபடி எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை. நீங்கள் சேரப்போகும் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்போம் என்று எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.