'ஆனால்' எந்த இடத்தில் வர வேண்டும்? மத வன்முறைக்குப் பின் கருத்துச் சுதந்திரம் பற்றி எழுதுவோருக்கு

மதத்தின் பெயரால் ஓர் ஓவியரோ ஆசிரியரோ எழுத்தாளரோ கொல்லப்பட்ட செய்தி வந்த நாளில், ஏதாவது எழுதியே தீர வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்று எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரே காரணத்தால் கெட்டுப்போகின்றன: தனித்தனியே விடை சொல்ல வேண்டிய மூன்று கேள்விகள் ஒரே வாக்கியத்தில் வந்து கலந்துவிடுகின்றன. 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில், நபிகள் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்டிருந்த ஷார்லி எப்தோ என்ற நையாண்டி வார இதழின் அலுவலகத்திலும் வெளியே தெருவிலுமாக 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வழக்கும் தீர்ப்பும் விவாதமும் நடந்தேறிவிட்டதால், அன்று எழுதப்பட்டவற்றில் எது நின்றது, எது சரிந்தது என்று இன்று நிதானமாகப் பார்க்க முடிகிறது.

முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியது, கொலையாளி யார் என்பதை எழுதாமல் இருப்பது. அன்று மூன்றாவது ஆள் ஒருவரையும் போலீஸ் தேடுவதாகச் செய்தி பரவி, 18 வயது மாணவர் ஒருவரின் பெயர் சமூக ஊடகங்களில் உலகமெங்கும் சுற்றியது. தாக்குதல் நடந்த நேரத்தில் அவர் வடகிழக்கே ஷார்ல்வில்-மெசியேர் நகரில் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார். கூடப் படித்தவர்கள் அதைச் சொல்லித் தொடர்ந்து பதிவிட்டார்கள், அவரும் அன்றிரவே தானாகக் காவல் நிலையத்துக்குப் போனார், பிறகு விடுவிக்கப்பட்டார். அவர் பெயரைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்து திருத்தம் போட்டிருப்பார்கள் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறேன்.

அடுத்து, ஒரு சமூகத்தைப் பற்றி ஒரு சொல் எழுதுவதற்கு முன், இறந்தவர்களின் பட்டியலை முழுவதுமாகப் படியுங்கள். ஷார்லி எப்தோவின் பட்டியலில் பெயர்பெற்ற ஓவியர்களோடு, அல்ஜீரியாவில் பிறந்து அந்த இதழின் மெய்ப்புத் திருத்துநராக இருந்த முஸ்தஃபா ஊராத் இருக்கிறார். தெருவில் காயப்பட்டு விழுந்த பின் மிக அருகிலிருந்து சுடப்பட்ட காவலர் அஹ்மத் மெராபெத் இருக்கிறார், அவரும் முஸ்லிம். இரண்டு நாள் கழித்து யூதர்களின் மளிகைக்கடை ஒன்றில் நான்கு பேர் கொல்லப்பட்டபோது, வாடிக்கையாளர்கள் சிலரைக் கீழ்த்தளக் குளிர்பதன அறையில் ஒளித்துவைத்தவர், அங்கே வேலை பார்த்த மாலி நாட்டு முஸ்லிம் இளைஞர் லஸானா பத்திலி. இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டவர் 'அவர்கள் எல்லாரும்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்குவது கடினம்.

இனி அந்த மூன்று கேள்விகள். கொலை சரியா? வரையப்பட்டது நல்ல படைப்பா? அதை வரைய உரிமை உண்டா? முதலாவதற்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும். தமிழில் இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'கொலை தவறுதான்' என்று எழுதும்போது அந்தத் 'தான்' என்ற இடைச்சொல்லே பின்னால் ஓர் 'ஆனால்' வரப்போவதை அறிவித்துவிடுகிறது. 'ஆனால் அவர்கள் சீண்டியிருக்கக் கூடாது' என்று வாக்கியம் முடியும்போது, எழுதியவர் நினைத்தாரோ இல்லையோ, கொலையின் பொறுப்பில் ஒரு பங்கு இறந்தவர் கணக்கில் ஏறிவிடுகிறது. 'கொலை தவறு.' என்று நிறுத்திவிட்டு, அடுத்த பத்தியில், முடிந்தால் அடுத்த வாரத்தில், படத்தைப் பற்றிய உங்கள் குறையைச் சொல்லுங்கள். குறையைச் சொல்லவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. கொல்லப்பட்டவரின் படைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் சுதந்திரத்துக்கு நல்லதல்ல.

இரண்டாம் கேள்வியைத் தனியாகப் பிரித்துப் பேச முடியும் என்பதற்கு 2015இலேயே சான்று இருக்கிறது. எழுத்தாளர் அமைப்பான பென்னின் அமெரிக்கக் கிளை ஷார்லி எப்தோவுக்குத் துணிச்சலுக்கான விருது அறிவித்தபோது, கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி உட்பட ஆறு எழுத்தாளர்கள் விழாவில் தங்கள் பங்கிலிருந்து விலகினார்கள். 200க்கும் மேற்பட்டோர் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். கொலையை அவர்கள் கண்டித்தார்கள். ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினரைப் புண்படுத்தும் படங்களுக்கு மாலை போட வேண்டுமா என்பதே அவர்களுடைய கேள்வி. கொலை மிரட்டலின் கீழ் பல ஆண்டுகள் வாழ்ந்த சல்மான் ருஷ்டி அவர்களைக் கடுமையாகச் சாடினார். எனக்கு ருஷ்டியின் பக்கமே சாய்வு உண்டு. எனினும் அந்த ஆறு பேரைக் கொலைக்குத் துணைபோனவர்கள் என்று எழுதினால் அது அவதூறு.

படத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தால், அதை முதலில் படிக்கத் தெரிய வேண்டும். கறுப்பினத்தவரான அன்றைய நீதித்துறை அமைச்சர் கிறிஸ்தியான் தொபிராவைக் குரங்காக வரைந்த ஒரு படம், ஷார்லி எப்தோவின் இனவெறிக்குச் சான்றாக உலகம் முழுக்கப் பகிரப்பட்டது. மூலையில் இருக்கும் தீச்சுடர்ச் சின்னம் அதி வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியுடையது என்பதும், மேலே இருந்த வாசகம் அக்கட்சியின் அன்றைய தலைவி மரீன் லெ பென்னின் கூட்டணிப் பெயரைத் திருகி 'இனவெறிக் கூட்டணி' ஆக்கியது என்பதும், பிரெஞ்சு தெரியாதவர் கண்ணில் படவில்லை. அமைச்சரைக் குரங்கோடு ஒப்பிட்டிருந்தவர் அந்தக் கட்சியின் வேட்பாளர் ஒருவர். படம் கேலி செய்தது அந்தக் கட்சியை. கொல்லப்பட்ட ஓவியர்களில் ஒருவரான தின்யூஸின் இறுதிச் சடங்கில் தொபிராவே உரையாற்றினார். நோக்கம் எதுவானாலும் அப்படி ஓர் உருவத்தை அச்சில் ஏற்றியது காயப்படுத்தும் என்று வாதிட இவ்வளவுக்குப் பிறகும் இடம் இருக்கிறது. ஆனால் சின்னத்தையும் வாசகத்தையும் வாசகருக்குச் சொல்லிவிட்டு வாதிட வேண்டும். இந்த 'ஆனால்' இருக்க வேண்டிய இடம் இது.

மூன்றாம் கேள்விக்கு அந்த நாட்டின் சட்டம் தெரிய வேண்டும். இந்தியாவில், வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவின்படி குற்றமானது; 2024 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் பாரிஸை அளந்தால் தவறிவிடுவோம். பிரான்ஸின் 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தில் தெய்வ நிந்தனை என்ற குற்றமே இல்லை; மனிதர்களை அவர்கள் மதத்தைக் காரணமாக வைத்து இழிவுபடுத்துவதும் வெறுப்பைத் தூண்டுவதும் குற்றம். நபிகள் பற்றிய கேலிச்சித்திரங்களுக்காக பாரிஸ் பெரிய மசூதி உள்ளிட்ட அமைப்புகள் தொடுத்த வழக்கில், 2007இல் நீதிமன்றம் இதழின் ஆசிரியரை விடுவித்தது, இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

உரிமை உண்டு என்று எழுதிவிட்டால், நீங்கள் வெறுக்கும் பேச்சுக்கும் அதே வாக்கியம் பொருந்துகிறதா என்று ஒருமுறை மாற்றிப் படித்துப் பாருங்கள். 2015 ஜனவரி 11 அன்று பேச்சுரிமைக்காக பிரான்ஸ் முழுவதும் லட்சக்கணக்கில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். செய்தியாளர்களைச் சிறையில் வைத்திருந்த நாடுகளின் பிரதிநிதிகளும் அந்த ஊர்வலத்தில் நடந்தார்கள். மூன்றாம் நாள், கொலையாளி ஒருவனின் பெயரை 'ஷார்லி'யோடு ஒட்டிப் பதிவிட்ட தியுதொனே என்ற மேடை நகைச்சுவையாளர், பயங்கரவாதத்தைப் புகழ்ந்தார் என்று கைது செய்யப்பட்டார். அதே மாதம் நீஸ் நகரில், பள்ளியில் சொன்ன சொல்லுக்காக எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டான். தியுதொனே சொன்னது அருவருப்பானது என்பதே என் கருத்து. அருவருப்பு மட்டுமே கைதுக்குப் போதுமானால், ஷார்லி எப்தோவுக்காக வாதாடியவர்களின் தரையும் நழுவிவிடும்.

இன்னொன்று: 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்ற வாசகத்தை வால்டேர் பெயரில் போடாதீர்கள். அது 1906இல் அவரைப் பற்றி எழுதிய ஈவ்லின் பீட்ரிஸ் ஹாலின் வாக்கியம்.

கடைசியாக, பகிர்வது பற்றி. 2020 அக்டோபரில் பாரிஸுக்கு வடமேற்கே ஒரு பள்ளியில், சாமுவேல் பாத்தி என்ற வரலாற்று ஆசிரியர் கருத்துச் சுதந்திரம் பற்றிய பாடத்தில் ஷார்லி எப்தோவின் நபிகள் கேலிச்சித்திரங்களைக் காட்டினார். முஸ்லிம் மாணவர்களை வெளியே போகச் சொன்னதாக 13 வயது மாணவி ஒருத்தி வீட்டில் சொல்ல, தந்தை அதைக் காணொளியாக வெளியிட, பள்ளியின் பெயரோடு அது பரவியது. அக்டோபர் 16 அன்று, ஆசிரியரை முன்பின் அறியாத 18 வயது இளைஞன் ஒருவன் வேறு ஊரிலிருந்து வந்து, பள்ளி வாசலில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்து அடையாளம் காட்டச் செய்து, அவரைத் தலையறுத்துக் கொன்றான். 2023இல் சிறார் நீதிமன்றம் அந்த மாணவியைப் பொய்க் குற்றச்சாட்டுக்காகத் தண்டித்தது. பாடம் நடந்த அன்று அவள் வகுப்பிலேயே இல்லை. அப்படி ஒரு காணொளி உங்களிடம் வரும்போது, பேசுபவர் அந்த இடத்தில் இருந்தாரா என்று கேளுங்கள்; விடை கிடைக்கும்வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.