மாடல் இன்ஜின் ஸ்லீவைக் கையால் லேப் செய்து, உப்பு ஒட்டாமல் கழுவுவது எப்படி

மாடல் விமானம், படகுகளில் பொருத்தும் பழைய 2.5 சிசி மாடல் டீசல் இன்ஜினைப் பிரித்தால், ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இருப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது ஸ்லீவுக்குள், அதாவது பிஸ்டன் ஓடும் குழாய்க்குள், பொடிப்பொடியாகப் பூத்திருக்கும் துருதான். அதை லேப்பிங் செய்து, அதாவது நுண்பொடியால் உரசி, எடுத்துப் பிஸ்டனைத் திரும்பப் பொருத்தும் முறையை என் இன்ஜினில் செய்து, அது ஓடிய பிறகே எழுதுகிறேன். பிரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கிராங்க் உட்பட முழுவதையும் பிரித்துவிடுங்கள். லேப்பிங் பொடி, கிராங்க் சுழலும் வெண்கல புஷ்ஷில் பதிந்தால் அங்கேயே தங்கி, கிராங்க் ஷாஃப்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

இந்த வகை இன்ஜினில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. வார்ப்பிரும்புப் பிஸ்டனும் ஸ்டீல் ஸ்லீவும் உட்காரும் நெருக்கம்தான் கம்ப்ரஷன். அதனால் மேலோட்டமான துருவுக்கு மட்டுமே இந்த வேலை. நகத்தில் தட்டுப்படும் அளவு குழி விழுந்திருந்தால், அது மறையும்வரை உரசுவதற்குள் ஸ்லீவ் பெரிதாகிவிடும். புதுப் பிஸ்டன்தான் கடைய வேண்டும்.

விசைப்படகு இன்ஜின் பட்டறைகளில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வேண்டாம், இதற்கு அது ரொம்ப முரடு. 600, 1000 என்று இரண்டு நம்பரில் அலுமினியம் ஆக்சைடு பொடி வாங்கி, தையல் மெஷின் ஆயிலில் குழைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பொடியைத் தாங்கி உரசும் கம்பியான லேப் வேண்டும். லேத் பட்டறையில் ஓர் அலுமினியக் கம்பியை ஸ்லீவின் துளையைவிடக் கொஞ்சம் சிறிதாகக் கடைந்து வாங்குங்கள். ஒரு முனையை நெடுக்காகப் பிளந்து, நடுவில் திருகு ஏற்றினால் வேண்டிய அளவு விரியும். மிருதுவான உலோகத்தில்தான் பொடி பதிந்து, கடினமான ஸ்டீலை அறுக்கும். பிஸ்டனையே ஸ்லீவுக்குள் விட்டு பேஸ்ட் போட்டு உரசும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், பிஸ்டனின் மேல் விளிம்பு மழுங்கிப்போகும்.

லேப்பை வைஸில் பிடித்து, ஸ்லீவைத் துணி சுற்றிக் கையில் எடுத்து, திருப்பிக்கொண்டே முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லேப் ஸ்லீவுக்கு வெளியே ரொம்ப நீண்டு வந்தால் துளையின் வாய் அகன்றுவிடும். உள்ளே முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஹெட் உட்காரும் முகம் சுலபம்: கண்ணாடிப் பலகையில் 800 வாட்டர் பேப்பர், கொஞ்சம் எண்ணெய், எட்டு போடுவது போல உரசல். முன்பே மார்க்கரால் கிறுக்கி வைத்தால், மை முழுக்க அழிந்ததும் சமதளமாகிவிட்டது என்று தெரியும்.

இனிதான் கழுவுவது. லேப்பிங்கைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 600-லிருந்து 1000-க்குப் போகும் முன்பும் ஒரு முழுக் கழுவல் வேண்டும். முதலில் டீசலும் டூத் பிரஷ்ஷும். அப்புறம் சோப்புப் போட்ட வெந்நீர். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஒரு துண்டைத் திரித்து, எண்ணெய் தொட்டுத் துளைக்குள் விட்டுத் திருப்புங்கள். பளபளவென்று இருக்கும் ஸ்லீவிலிருந்தும் துணி சாம்பலாகவே வரும். விட்ட வெள்ளையாகவே துணி திரும்பும்வரை மறுபடி சோப்பு, மறுபடி துணி.

கடைசி அலசலுக்கு நம் ஊர் போர் தண்ணீர் ஆகாது. அதிலிருக்கும் உப்பு, காய்ந்த பிறகும் ஸ்டீலிலேயே தங்கிவிடும். பல இடங்களில் மறுநாளே பழுப்புப் புள்ளி தெரியும். கேன் தண்ணீரைச் சூடாக்கி ஊற்றுங்கள். சூடு ஏறிய ஸ்லீவ் தானே காய்ந்துவிடும். கை வியர்வையிலும் உப்பு உண்டு, அதனால் துணியால் பிடித்து உடனே எண்ணெய் பூசி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டே பொருத்துங்கள், மணலும் ஒரு லேப்பிங் பொடிதான்.

பொருத்தம் பார்க்க, எண்ணெய் தடவிய பிஸ்டனைக் கீழிருந்து தள்ளுங்கள். பாதிவரை இலகுவாக ஏறி, உச்சியை நெருங்கும்போது இறுக வேண்டும்.

பின்சேர்க்கை: எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெய் இன்ஜினுக்கு வெளியே படிந்து கெட்டியான கறையை எப்படி எடுப்பது என்று சிலர் கேட்டிருந்தார்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். ரேடியேட்டர் கூலன்ட்டில் போட்டு, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் சில மணி நேரம் வைத்தால் கறை இளகிவிடும். கூலன்ட் விஷம். வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், அந்தப் பாத்திரத்தைத் திரும்ப அடுப்படிக்குள் எடுக்காதீர்கள்.