மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்

வளர்ச்சித் தாமதமோ அறிவுசார் குறைபாடோ இருக்குமோ என்று பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் குழந்தை இன்னும் பேசவில்லையே என்று நான் முதலில் வாய் திறந்தபோது என் மாமியார் சொன்னது, "இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்." அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்கு ஒரு வருடம் போனது. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள், சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தமிழ்நாட்டில் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். எல்லோரும் டிஇஐசி என்றுதான் சொல்கிறார்கள், அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ விசாரித்தால் காட்டுவார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் கிடையாது. குழந்தைகள் டாக்டர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை மருத்துவக் குழு வரும், அன்றைக்குக் குழந்தையைக் கண்டிப்பாகக் கூட்டிப்போய் உங்கள் சந்தேகத்தை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள்.

ஐந்து வயதுக்குள் 'அறிவுசார் குறைபாடு' என்று பெரும்பாலும் எழுத மாட்டார்கள், வளர்ச்சித் தாமதம் என்றுதான் எழுதுவார்கள். பெயர் எதுவானாலும் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். வாரத்தில் முக்கால் மணி நேரம் தெரபிஸ்ட் செய்வதைவிட மீதி நேரம் வீட்டில் நாம் செய்வதுதான் அதிகம். அதனால் ஒவ்வொரு முறையும் "இந்த வாரம் வீட்டில் என்ன செய்யணும்?" என்று கேட்டு, அவர் செய்து காட்டுவதை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். என் மகன் தயிர்சாதத்தைத் தானே எடுத்துச் சாப்பிட எட்டு மாதம் ஆனது, தரையெல்லாம் சோறு, பாட்டிக்கு ஊட்டிவிடாமல் இருக்க முடியவில்லை. பாட்டியை நிறுத்துவதுதான் உண்மையில் பெரிய பயிற்சி!

அப்புறம் சான்றிதழ். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்து, குறித்துத் தரும் நாளில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்களை ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் லீவு என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், போவதற்கு முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். இங்கே பலர் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டில் முக்கியமான பகுதி நம்மிடம் கேட்கிற கேள்விகள்தான்: தானே சாப்பிடுகிறானா, சட்டை போடுகிறானா, பாத்ரூம் வந்தால் சொல்கிறானா. பெற்றவள் வாய் "ஓரளவு செய்வான் சார்" என்றுதான் சொல்லும். யாரும் உதவாமல் செய்கிறானா என்று யோசித்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டால் பல உதவிகள் கைநழுவிப் போகும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தற்காலிகச் சான்றிதழ், முடியும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள்.

அட்டை வந்ததும் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் இல்லை. ரயிலில் இருவருக்குமே 75 சதவீதம் வரை சலுகை உண்டு, அதற்குத் தனியாகப் படிவம் வாங்க வேண்டும். மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை வரம்பு, தெரபிச் செலவிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்தியிருந்தால்தான். சம்பளக்காரர்கள் 80டிடி என்று சொல்கிற வருமான வரிக் கழிவில் 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

பள்ளி விஷயத்தில் "எங்களால் பார்த்துக்க முடியாது" என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். அதை எழுத்தில் கேளுங்கள், பாதிப் பேர் அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வருவார்கள்.

இன்னொன்று, இது பலருக்கு வங்கியில் போய் நின்ற பிறகுதான் தெரிகிறது. பிள்ளைக்கு 18 முடிந்ததும் பெற்றோர் என்ற முறையில் மட்டும் நாம் கையெழுத்துப் போட முடியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டும். பிறந்தநாள் வந்த கையோடு அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதை பிள்ளையின் அண்ணன் தங்கையிடம் அதற்கு முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால் நல்லது.