பூலாம்பட்டி வாய்க்கால் கரையும் ஏற்காடும்: நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சேலம் பக்கம் மலையேறக் கிளம்புகிறவர்கள் ஓரளவு தயாராகத்தான் வருகிறார்கள். 'சமதளம்தானே' என்று வாய்க்கால் கரைக்குப் போகிறவர்கள்தான் சிரமப்படுகிறார்கள்.

முதலில் மாதத்தில் தவறுகிறார்கள். பூலாம்பட்டிப் பக்கம் ஓடும் இந்த வாய்க்கால், அதாவது மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாயில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள் தண்ணீர் விடுவார்கள். அணையில் இருப்பு குறைந்தால் திறப்பு தள்ளிப்போகும். ஏப்ரல், மே மாதத்தில் எடப்பாடி, பூலாம்பட்டிப் பக்கம் போனால் காய்ந்த வாய்க்காலைத்தான் பார்க்கலாம். தண்ணீர் திறந்து சில வாரம் கழித்து, நாற்று பிடித்து வயல் பச்சை கட்டிய பிறகு போங்கள்.

அடுத்தது தூரக் கணக்கு. பெரும்பாலும் போன கரையிலேயேதான் திரும்ப வேண்டும். 5 கி.மீ. போனால் மொத்தம் 10. மணிக்கு 4 கி.மீ. வீதம் இரண்டரை மணி நேரம். 9 மணிக்குத் தொடங்கினால் திரும்பும்போது உச்சி வெயில். 6 மணிக்கே இறங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். காவிரி இங்கே வடக்கிலிருந்து தெற்கே போகிறது, கால்வாயும் ஏறக்குறைய அதை ஒட்டியே ஓடுகிறது. அதனால் காலையில் மரங்கள் உங்களுக்குக் கிழக்கே இருக்கும்படி நடந்தால் நிழல் கிடைக்கும். வழியில் பாலம் வந்தால் கரை மாறிக்கொள்ளலாம்.

உயிருக்கே ஆபத்தான தவறு, கால் நனைக்க எந்த இடத்திலும் இறங்குவது. சிமென்ட் பூசிய சரிவில் நீர்மட்டத்தை ஒட்டி பாசி படிந்திருக்கும். வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஏற முயன்றாலும் கால் நிற்காது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே கதிதான். படித்துறையில் மட்டும் இறங்குங்கள். மதகுப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

குறுக்கு வழி என்று வரப்பில் இறங்குகிறவர்கள் உண்டு. நடவுக்கு முன் வரப்பின் ஓரத்தைச் செதுக்கி, சேற்றை வழித்து வரப்பில் பூசி அண்டை வைத்திருப்பார்கள். பார்க்க வழவழவென்று இருக்கும், மிதித்தால் கணுக்கால் வரை புதையும். அந்தக் குழி வழியாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்குக் கசிந்துவிடும். வயல்காரர் சத்தம் போட்டால் நியாயம் அவர் பக்கம்தான். வண்டித்தடத்தை விட்டு இறங்காதீர்கள்.

ரப்பர் செருப்பும் உதவாது. கரையில் வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள் அடியிலிருந்து நேராகக் குத்தி ஏறும். தடித்த தோல் அடி வைத்த செருப்போ, கனமான ஷூவோ போடுங்கள். அந்தி சாய்ந்தபின் டார்ச் இல்லாமல் நடக்கவே கூடாது. எலி வளை உள்ள கரையில் பாம்பும் இருக்கும். கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பூலாம்பட்டியிலிருந்து காவிரியின் அக்கரையில் இருக்கும் நெருஞ்சிப்பேட்டைக்குப் படகில் போய், மாலையில் அதிலேயே திரும்பலாம் என்று திட்டமிடுகிறவர்கள் காலையிலேயே படகுத்துறையில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மேட்டூரிலிருந்து உபரிநீர் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பிறகு வெகுதூரம் சுற்ற வேண்டிவரும்.

ஏற்காட்டில் தவறுகள் வேறு மாதிரி. சேலம் நகரத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் 7, 8 டிகிரி குளிர் கூடும். வியர்த்த பருத்திச் சட்டையோடு சேர்வராயன் கோயில் மேட்டில் நின்றால் காற்றில் உடம்பு வெடவெடக்கும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். மூடுபனி பிற்பகலில் திடீரென்று இறங்கும் என்பதால் காட்சிமுனைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கிளியூர் அருவிக்கு இறங்குவது சுலபம், ஏறுவதுதான் மூச்சு வாங்கும். கோடையில் போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களே அதிகம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பிடித்து இழுக்காதீர்கள், உப்பு வைத்தால் தானே விழும்.

கேட் திறந்திருக்கிறது என்று காபித் தோட்டத்துக்குள் நுழைவதும் தவறு. அது தனியார் நிலம், போதாததற்குக் காலையிலும் அந்தியிலும் காட்டெருமை நிற்கும். கண்டால் போட்டோவுக்கு நெருங்காமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நடந்த பசியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே பஸ் ஏறினால் பாதி வளைவிலேயே தெரிந்துவிடும். அரை வயிறு போதும், கையில் ஒரு எலுமிச்சம்பழம். மீதியைச் சேலத்தில் இறங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.