விளையாட்டு வழி மழலையர் வகுப்பில் ஒரு நாளை அமைக்கும் முறை

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. எதற்குப் பின் எது வரும் என்பதை வைத்தே அவர்கள் பொழுதை அறிகிறார்கள். ஆகவே ஒரு வேலை எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதைவிட, எல்லாம் நாள்தோறும் அதே வரிசையில் நடப்பதே முக்கியம். வரிசை நிலைத்துவிட்டால், புதிதாகச் சேர்ந்து அழும் குழந்தையைக்கூட, "சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் பாட்டி வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று சொல்லித் தேற்ற முடியும்.

வேலூர் வட்டாரத்தில், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்மார்கள் விடிந்ததும் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், பல குழந்தைகளைப் பாட்டிகளே அழைத்து வருகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. எனவே காலையில் முதல் வேலையாக வட்டமாக உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லித் தருவது பொருந்தாது. களிமண், புளியங்கொட்டை, மூடிகள் என எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளத்தக்க பொருள்களைப் பாயில் பரப்பி வைத்துவிட்டு, வரும் ஒவ்வொரு குழந்தையையும் ஆசிரியர் வாசலிலேயே பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகள் இருந்தால் கொட்டைகளை அறவே தவிர்த்து, பெரிய பொருள்களையே வைக்க வேண்டும்.

எல்லாரும் வந்த பின் நடக்கும் சுதந்திர விளையாட்டுக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் இடைவெட்டின்றித் தர வேண்டும், ஏனெனில் என்ன விளையாடுவது என்று முடிவு செய்து, கூட்டாளியைச் சேர்த்து, ஆளுக்கொரு வேடம் பிரித்துக்கொள்வதற்கே குழந்தைகளுக்கு நெடுநேரம் பிடிக்கும். இருபது நிமிடத்தில் கைதட்டி நிறுத்தினால் விளையாட்டு தொடங்கும் இடத்திலேயே அறுந்துபோகும். சமையல் மூலை, கட்டை மூலை, மணல், படப் புத்தகம் என நான்கு இடங்கள் போதும். ஒவ்வோர் இடத்திலும் நான்கு துணி கிளிப்புகளைத் தொங்கவிட்டு, விளையாட வருபவர் ஒன்றை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று பழக்கிவிட்டால், கிளிப் தீர்ந்த இடத்துக்கு வேறு யாரும் போவதில்லை, நெரிசலும் சண்டையும் பெரும்பாலும் எழுவதில்லை.

இந்த நேரத்தில் ஆசிரியரின் வேலை பெரும்பாலும் கவனிப்பதுதான். கொட்டாங்கச்சியில் காய்ந்த மணலை நிரப்பிக் கவிழ்க்கும் குழந்தைக்கு இட்லி உருவாகாது. மறுபடி கவிழ்ப்பாள், மறுபடியும் சரியும். அப்போது தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிடாமல் சிறிது பொறுத்திருந்தால், பக்கத்தில் ஈர மணலில் விளையாடும் குழந்தையைப் பார்த்தோ, கையால் தொட்டுப் பார்த்தோ, "டீச்சர், தண்ணி வேணும்" என்று அவளே வந்து கேட்பாள். அந்தக் கேள்வியில் இருக்கும் சிந்தனையைக் கரும்பலகையில் எழுதித் தர எவராலும் இயலாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

வகுப்பில் அழுகையும் கூச்சலும் மிகுவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வேளைகளில்தான். விளையாட்டை முடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஒவ்வொரு மூலைக்கும் போய்த் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பிறகு இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டும் ஓசையையே எடுத்துவைக்கும் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். பெட்டிகளின் மேல் பொருளின் படத்தை ஒட்டிவைத்தால் எழுத்தறியாத குழந்தையும் தானாக அடுக்கும்.

வேலூரின் வெயிலைக் கருதாமல் நேர அட்டவணை போட இயலாது. மார்ச் முதல் ஜூன் வரை வெளி விளையாட்டைக் காலையிலேயே, வேம்பு அல்லது புங்கமர நிழலில் முடித்துவிட வேண்டும். இரும்புச் சறுக்குமரத்தை ஆசிரியர் தன் கையால் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தைகளை ஏற்ற வேண்டும். மார்கழி, தைக் குளிரில் இதையே சற்றுத் தாமதமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மாற்றத்தைப் பருவத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டுமே தவிர, அன்றன்றைக்கு மாற்றக் கூடாது.

கைகழுவுதல், மதிய உணவு, தூக்கம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும். தானே சாப்பிடும் குழந்தை சோற்றைச் சிந்தினாலும் ஊட்டிவிட வேண்டாம்.

தூங்கி எழுந்த பின் கதை. குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து வகுப்புகளில் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் குழந்தைகள் இருப்பார்கள், அவர்கள் "பானி" என்றோ "நீள்ளு" என்றோ கேட்டால் திருத்தாமல் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தண்ணி வேணுமா? இந்தா" என்று இயல்பாகச் சொன்னால் போதும். கதையில் படத்தையும் அபிநயத்தையும் கூட்டி, ஒரே கதையை ஒரு வாரம் சொன்னால் அவர்களும் தமிழில் சேர்ந்து சொல்லத் தொடங்குவார்கள்.

2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. மழலையர் வகுப்பு எதுவானாலும், "எழுத ஒண்ணும் சொல்லித் தரலையா?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். மாலையில் அழைத்துப்போக வருபவரிடம், களிமண் பிசைவதும் கொட்டை பொறுக்குவதும் பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களை உறுதியாக்குகின்றன என்பதை, அன்று அந்தக் குழந்தை செய்த ஒன்றைக் காட்டியே விளக்க வேண்டும். வழக்கமாக வருபவர் அல்லாத எவரிடமும், வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்யாமல் குழந்தையை அனுப்பக் கூடாது.

எல்லாரும் போன பின் கொட்டைகளையும் மூடிகளையும் எண்ணி எடுத்து வைத்து, பூனைகள் அசுத்தம் செய்யாதபடி மணல் தொட்டியைத் தார்ப்பாயால் மூடிவிட வேண்டும். வார விடுமுறைக்கு முன் மணலைக் கிளறிக் காயவிடுவதும் நல்லது.