'சப்போர்ட் பண்ணும்' என்றால் என்ன அர்த்தம்? ஹோம் தியேட்டர் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு சவுண்ட்பார் வாங்கினேன். பெட்டி மேல் பெரிதாக டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்க வைக்கும் ஒலி முறை) முத்திரை. "உங்க டிவிக்கும் சப்போர்ட் பண்ணும் சார்" என்று கடையில் உறுதியாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஆப்டிகல் கேபிளை மாட்டினோம். சத்தம் நன்றாகவே இருந்தது. ஆனால் எந்தப் படம் போட்டாலும் சவுண்ட்பாரின் சின்னத் திரையில் 'டால்பி டிஜிட்டல்' என்றுதான் வந்தது. ஒரு வாரம் செட்டிங்ஸைக் குடைந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆப்டிகல் கேபிளில் டால்பி டிஜிட்டலும், அதற்குப் போட்டியான டிடிஎஸ் என்ற ஒலி வடிவமும் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வரைக்கும்தான் போகும். அட்மாஸ் போகவே போகாது.

'சப்போர்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் திருப்தியாகிவிட்டதுதான் என் தவறு. சவுண்ட்பார் அட்மாஸை வாங்கிக்கொள்ளும் என்பது ஒன்று, டிவி அதை வெளியே அனுப்புமா என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

டிவியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ போர்ட்டுகளைப் பாருங்கள். ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி என்று பொடி எழுத்தில் இருக்கும். டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி அது; ஈஏஆர்சி அதன் மேம்பட்ட வடிவம். சவுண்ட்பாரை அதில்தான் மாட்ட வேண்டும். ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. ஓடிடி படங்களின் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் வருவதால், டிவி அனுப்பினால் ஏஆர்சியிலேயே போய்விடும். ப்ளூரே டிஸ்க்கில் இருக்கும் ட்ரூஎச்டி (தரம் குறையாத வடிவம்) அட்மாஸை டிவி வழியாக அனுப்பத்தான் ஈஏஆர்சி கட்டாயம். அதனால் ஓடிடி மட்டும் பார்ப்பவர்கள் ஈஏஆர்சிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க அவசியமில்லை என்பது என் கருத்து.

டிடிஎஸ் இன்னொரு தலைவலி. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிவியில் டிடிஎஸ்ஸை நிறுத்தியது. எல்ஜி 2020-இல் நிறுத்தி, 2023 மாடல்கள் பலவற்றில் திரும்பக் கொண்டுவந்தது. பென் டிரைவில் டிடிஎஸ் ஒலியுள்ள படத்தைப் போட்டால் படம் ஓடும், சத்தம் வராது. ஒரே கம்பெனி டிவிதானே என்று இருந்துவிடாமல், மாடல் எண்ணையும் வருடத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தால் கேம் 4கேயில் 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 படங்கள்) ஓடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தத் தரத்தில் பெரும்பாலான வசதிகள் விருப்பத் தேர்வுதான். 48 ஜிபிபிஎஸ் வேகம் வரை போகலாம் என்கிறது தரம். எல்லாக் கருவியும் அவ்வளவு தரும் என்று சொல்லவில்லை. 2020-இல் யமஹா, டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களிலேயே (கருவிகளையும் டிவியையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கும் பெட்டி) சொன்னது ஒன்று, கிடைத்தது வேறு என்று ஆனது. பெட்டியில் 4கே 120 ஹெர்ட்ஸ் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் கருவியை மாட்டி அந்த வேகத்துக்குப் போனால் திரை கருப்பாகிவிட்டது. உள்ளே இருந்த எச்டிஎம்ஐ சிப்பில் கோளாறு. டெனானும் மராண்ட்ஸும் தனியாக ஒரு அடாப்டர் பெட்டி கொடுத்தன, யமஹா போர்டையே மாற்றிக் கொடுத்தது. ஒரு புது வசதிக்காகவே ரிசீவர் வாங்குகிறீர்கள் என்றால், உங்களிடம் இருக்கும் அதே கருவியோடு அதை ஓட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கும்வரை பொறுங்கள்.

ப்ரொஜெக்டரில் '4கே சப்போர்ட்' என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரில் விழுவது 1280×720 ஆகக்கூட இருக்கலாம். நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது உண்மையில் காட்டும் புள்ளிகள், எவ்வளவு என்று கேளுங்கள். வெளிச்சத்துக்கு வெறும் லூமன்ஸ் போதாது, ஏஎன்எஸ்ஐ லூமன்ஸ் (நிர்ணயித்த முறையில் அளந்த வெளிச்சம்) எண் வேண்டும். ஸ்பீக்கரில் பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்சம்) வாட்ஸை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடியது) மட்டும் பாருங்கள். வயர்லெஸ் சப்வூஃபர் அநேகமாக அதன் சொந்த சவுண்ட்பாரோடு மட்டும்தான் சேரும்.

சவுண்ட்பாரில் 5.1.2 என்று இருந்தால் கடைசி 2 என்பது மேல்நோக்கி ஒலி அனுப்பும் ஸ்பீக்கர்கள். அட்மாஸ் முத்திரை இருந்தும் வெறும் 2.1 என்று போட்டிருந்தால் உயரத்திலிருந்து வரும் ஒலியை அது பாவனையாகத்தான் காட்டும்.

கடைக்குப் போகுமுன் உங்கள் டிவியின் பின்பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் மாடலின் மேனுவலைக் கம்பெனி இணையதளத்தில் இறக்கி, எந்த போர்ட்டில் எந்த ஆடியோ ஃபார்மட் என்ற அட்டவணையைத் தேடுங்கள். கடைக்காரர் 'வரும்' என்று சொல்வதை பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். அப்புறம், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அட்மாஸ் உள்ள ஒரு படத்தைப் போட்டு, சவுண்ட்பார் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தி, அதன் திரையில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள்.